அப்பா அம்மாவ மொத தடவ லக்ஷுரி க்ரூஸ் அனுப்பணும்னா எத பாத்து கப்பல் எடுக்கணும்

தண்டையார்பேட்ட தம்பி ஒருத்தர் கேட்ட கேள்வி இது. அப்பா ஹார்பர்ல வேல பாத்து ரிட்டயர் ஆனவரு, வாழ்க்க பூரா சரக்கு கப்பல் பக்கத்துலயே நின்னவரு, ஒரு தடவகூட பயணியா கப்பல் ஏறுனதில்ல. அறுபதாம் கல்யாணம் வருது, அவரையும் அம்மாவையும் ஒரு லக்ஷுரி க்ரூஸ் அனுப்பணும். சென்னைலேர்ந்தே கெளம்புறது ஒண்ணு, சிங்கப்பூர்லேர்ந்து கெளம்புற பெரிய கப்பல் ஒண்ணு, தலைக்கு லட்சக்கணக்குல சொல்ற சின்ன கப்பல் ஒண்ணு, மூணு வெளம்பரத்துலயும் லக்ஷுரின்னுதான் போட்ருக்கு. எத எடுக்கறது, உள்ள எப்படி இருக்கும், வாந்தி வருமா, சாப்பாடு ஒத்துக்குமா, துட்டு எவ்ளோ மறைஞ்சு நிக்குது, இதான் தம்பி கேட்டது.

நான் ராயபுரம். செகண்ட் லைன் பீச் தெருவுல ஒரு ஷிப்பிங் ஏஜென்சில பல வருஷம் வேல பாத்தவன், பேப்பர தூக்கிட்டு கேங்வே ஏறி எறங்குறதுதான் பொழப்பு, அப்புறம் பயணியாவும் பெரிய கப்பல், சின்ன கப்பல் ரெண்டுலயும் போயிருக்கேன். அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படி தம்பி.

மொதல்ல ஒண்ண மனசுல வச்சுக்கோ. வெளம்பரத்துல காட்டுற கண்ணாடி படிக்கட்டு, தொங்குற வெளக்கு, நீச்சல் குளம் இதெல்லாம் எல்லா கப்பல்லயும் இருக்கு. வித்தியாசம் எங்க வருதுன்னா அந்த கப்பல எத்தன பேரோட பங்கு போட்டுக்கறோம்ன்றதுல. அதுக்கு ஒரு கணக்கு இருக்கு, ரொம்ப சுலபம், யாரு வேணா போடலாம். ஒவ்வொரு கப்பலுக்கும் கிராஸ் டன்னேஜ்னு ஒரு நம்பர் இருக்கும், நெட்ல தேடுனா கெடைக்கும். அது எடை இல்ல, நெறைய பேரு எடைன்னு நெனச்சுக்கறாங்க. 1969ல போட்ட உலக ஒப்பந்தப்படி கப்பலுக்குள்ள மூடி இருக்கற மொத்த எடத்தோட கொள்ளளவ வச்சு போடுற நம்பர் அது. அத பயணிங்க எண்ணிக்கையால வகுத்துப் பாரு, ஒரு ஆளுக்கு எவ்ளோ எடம்னு வந்துரும்.

சென்னைலேர்ந்து போன எம்ப்ரெஸ் கப்பல எடுத்துக்கோ. 48,500 டன்னேஜுக்கு கொஞ்சம் மேல, ரூமுக்கு ரெண்டு பேருன்னு வச்சா சுமார் 1,600 பேரு. வகுத்தா 30. சிங்கப்பூர்லேர்ந்து நம்மாளுங்க அதிகமா போற ஜென்டிங் ட்ரீம் சுமார் 1,50,000 டன்னேஜ், 3,350 பேரு, 45 வருது. 2024ல ஓட ஆரம்பிச்ச ஐகான் ஆஃப் தி சீஸ், அம்மாம் பெரிய கப்பல், 2,48,000 டன்னேஜுக்கு மேல, ஆனா 5,600 பேர ஏத்துறதால அதுவும் 44தான். இப்ப சின்ன கப்பலுக்கு வா. சில்வர்சீ கம்பெனியோட சில்வர் ம்யூஸ் 40,700தான், எம்ப்ரெஸ விட சின்னது, ஆனா ஏறுறது 600 பேருகூட இல்ல. 68 வருது. ரீஜென்ட்டோட செவன் சீஸ் எக்ஸ்ப்ளோரர் 70க்கு மேல போகும். லட்சக்கணக்குல கேக்குறாங்கல்ல, அந்த துட்டு முக்கியமா இதுக்குத்தான் போவுது.

வேலையாள் கணக்கும் அதே மாதிரிதான். ஐகான்ல ஒரு சிப்பந்திக்கு ரெண்டுக்கும் மேல பயணிங்க, சில்வர் ம்யூஸ்ல ஒண்ணரை கூட இல்ல. இது பேப்பர்ல சின்ன வித்தியாசமா தெரியும், உள்ள போனா ஒவ்வொரு மணி நேரமும் தெரியும். லிஃப்டுக்கு நிக்கறது, காலைல நாஷ்டாக்கு டேபிள் தேடுறது, துறைமுகத்துல எறங்குறதுக்கு க்யூ, தியேட்டர்ல எடம் புடிக்கறது, எல்லாமே இந்த ரெண்டு நம்பருக்குள்ளதான் இருக்கு. இன்னொண்ணு, நான் சொன்னது ரூமுக்கு ரெண்டு பேருன்ற கணக்கு. ஏப்ரல், மே, தீபாவளி லீவுல மூணு நாலு பேரா ஒரே ரூம்ல ஏறுவாங்க, அப்ப பெரிய கப்பல்ல அந்த 45ம் கொறஞ்சுடும். அறுபதாம் கல்யாண தேதி எதுவா இருந்தாலும் பரவால்ல, கப்பல ஸ்கூல் தொறந்திருக்கற சமயத்துல புக் பண்ணு. அதே கப்பல் அப்ப வேற கப்பல் மாதிரி இருக்கும்.

மூணு சாய்ஸையும் தனித்தனியா பாக்கலாம்.

சென்னை. இங்கேர்ந்து ஏறுறதுல பெரிய நிம்மதி ஃப்ளைட் வேணாம், தண்டையார்பேட்டைலேர்ந்து ஒரு ஆட்டோ புடிச்சா ராஜாஜி சாலை, அங்கதான் ஹார்பர். 2022 ஜூன்ல முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைச்சு எம்ப்ரெஸ் மொத தடவ இங்கேர்ந்து கெளம்புச்சு, 2023 ஜூன்ல எலங்கைக்கு போக ஆரம்பிச்சுது, அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. கப்பல் 1990ல நார்டிக் எம்ப்ரெஸ்னு பேர் வச்சு எறங்குனது. வருஷம் பூரா சென்னைல நிக்காது, சீசனுக்குத்தான் வரும், அதனால எந்த மாசம் எந்த ரூட்டுன்னு அப்பப்ப பாத்துக்கணும். பசங்க கூட்டமா ஜாலியா போக, பாட்டு டான்ஸுன்னு ரெண்டு மூணு நாள் கழிக்க இது சரி. உங்கப்பா அம்மாக்கு இது போதுமான்னு கேட்டா, ரெண்டு நைட்டு ட்ரிப்புன்னா பத்தாது. மொத நாள் சாயங்காலம் ஏறுறோம், லக்கேஜ் வர்றதுக்குள்ள ராத்திரி, ரூம் எங்க ஹோட்டல் எங்கன்னு புடிபடவே மறுநாள் ஆயிடும், புடிபட்டதும் பெட்டி கட்டு. வயசானவங்களுக்கு கொறஞ்சது நாலு நைட்டு வேணும்ன்றது என்னோட உறுதியான அபிப்பிராயம்.

சிங்கப்பூர். ஃப்ளைட்டு நாலு மணி நேரம் சொச்சம். மெரினா பே க்ரூஸ் சென்டர் 2012ல தொறந்தது, ஹார்பர்ஃப்ரண்ட்ல பழைய டெர்மினல் ஒண்ணு இருக்கு, எதுலேர்ந்து கெளம்புதுன்னு டிக்கெட்ல பாத்துக்கோ, ரெண்டும் வேற வேற எடம். மொத நாளே போய் ஒரு நைட்டு தங்கிடணும், ஃப்ளைட்டு லேட்டானா கப்பல் காத்திருக்காது. விசா விஷயத்துல ஒண்ணு ரொம்ப முக்கியம். சிங்கப்பூர்ல ஏறி பினாங்கு, புக்கெட் போயிட்டு திரும்ப சிங்கப்பூர்ல எறங்குனா அது ரெண்டாவது தடவ உள்ள நொழையறது. மல்ட்டிபிள் என்ட்ரி விசாவான்னு ஏஜென்ட்கிட்ட கேட்டு வாங்கு. மலேசியா, தாய்லாந்து ரூல் அடிக்கடி மாறுது, புக் பண்ற அன்னிக்கும் பாரு, கெளம்புறதுக்கு முன்னாடி இன்னொரு தடவயும் பாரு. பாஸ்போர்ட் ஆறு மாசத்துக்கு மேல வேலிட்டா இருக்கணும்.

நம்ம பக்கத்து பெரியவங்களுக்கு இந்த ரூட்டு புதுசு இல்ல. எங்க தெரு பாட்டிங்களக் கேட்டா ரஜூலா கப்பல பத்தி சொல்லுவாங்க, 1926ல எறங்குனது, 1970கள் ஆரம்பம் வரைக்கும் மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்னு ஓடுச்சு. அதுக்கப்புறம் எம்.வி. சிதம்பரம், 1985ல தீப்புடிச்சதோட அந்த பயணி சர்வீஸே நின்னு போச்சு. டெக்குல பாய விரிச்சு, கட்டுசோறு எடுத்துகிட்டு, பொழப்பு தேடி போன ஜனங்க அவங்க. இன்னிக்கும் அந்தமானுக்கு நம்ம ஹார்பர்லேர்ந்து கப்பல் போவுது, மூணு நாள் ஆவும், அடுக்குப் படுக்க போட்ட பங்க் க்ளாஸ்ல ஏறுனா அந்த பழைய காலம் கொஞ்சம் வெளங்கும். உங்கப்பாக்கு இதெல்லாம் நல்லாவே தெரிஞ்சிருக்கும், கேட்டுப் பாரு, அவரு உனக்கு என்ன விட நெறைய சொல்லுவாரு.

மூணாவது, சின்ன லக்ஷுரி கப்பலுங்க. சில்வர்சீ, சீபோர்ன், ரீஜென்ட், அப்புறம் 2023ல வந்த எக்ஸ்ப்ளோரா இந்த மாதிரி கம்பெனிங்க. குளிர்காலத்துல சில கப்பல் ஆசியா பக்கம் வரும், சிங்கப்பூர், கொழும்பு, மும்பை, சில சமயம் நம்ம சென்னைக்கேகூட வந்து நிக்கும், வெள்ளக்காரங்க பஸ் ஏறி மாமல்லபுரம் போறத ராஜாஜி சாலைல பாத்திருப்ப. ரேட்டு தல சுத்தும், ஆனா அந்த ரேட்டுக்குள்ள என்னென்ன அடங்கியிருக்குன்னு பாத்துட்டு பேசணும். சாப்பாடு, கூல்டிரிங்க்ஸ்லேர்ந்து சரக்கு வரைக்கும், டிப்ஸ், வைஃபை, இதெல்லாம் பெரும்பாலும் உள்ளயே வந்துரும், ரீஜென்ட்ல கரைல எறங்கி சுத்திப் பாக்குற டூரும் நெறைய உள்ளயே இருக்கு. பெரிய கப்பல்ல டிக்கெட் கம்மியா தெரியும், ஆனா போர்ட் சார்ஜ் தனி, ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்ளோன்னு டிப்ஸ் தனியா கணக்குல ஏறும், வைஃபை தனி, நல்ல ரெஸ்டாரண்ட் தனி, டூர் தனி, ஃபோட்டோ தனி. எல்லாம் டாலர்ல. ரெண்டையும் முழுசா கூட்டி வச்சுகிட்டு அப்புறம் ஒப்பிடு. அப்பவும் சின்ன கப்பல்தான் ஜாஸ்தியா இருக்கும், ஆனா வெளம்பரத்துல தெரியற அளவு தூரம் இருக்காது. டூர் பேக்கேஜா வாங்குனா டிசிஎஸ்னு வரி புடிப்பாங்க, அந்த ரசீத பத்திரமா வை, யார் பான் கார்டுல போட்டாங்களோ அவங்க இன்கம் டாக்ஸ் ஃபைல் பண்றப்ப கணக்குல எடுத்துக்கலாம்.

அடுத்து வாந்தி பயம். இது கப்பல விட கடலப் பொறுத்தது. நவீன கப்பல் எல்லாத்துலயும் தண்ணிக்கு அடில ரெண்டு பக்கமும் ரெக்க மாதிரி ஸ்டெபிலைசர் இருக்கும், அது பக்கவாட்டு ஆட்டத்த நல்லாவே கொறைக்கும், ஆனா மூக்கு தூக்கி தூக்கி போடுற ஆட்டத்த ஒண்ணும் பண்ணாது. அதனால ரூட்டயும் மாசத்தையும் பாத்து எடுக்கணும். மலாக்கா ஜலசந்தி, அதாவது சிங்கப்பூர் பினாங்கு பக்கம், ஒரு பக்கம் சுமத்ரா இன்னொரு பக்கம் மலேசியான்னு ரெண்டு பக்கமும் நெலம் தடுக்கறதால பெரும்பாலும் அமைதியா இருக்கும், மொத தடவ போறவங்களுக்கு அத விட நல்ல தண்ணி கெடையாது. டிசம்பர் ஜனவரில தென்சீனக் கடல் பக்கம், வியட்நாம் ரூட்டெல்லாம், அல ஜாஸ்தி. நம்ம வங்காள விரிகுடா அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் புயல் சீசன், காசிமேட்டுக்காரங்களுக்கு நான் சொல்லவே வேணாம். பிப்ரவரி மார்ச்ல அதே கடல் சாந்தமா கெடக்கும். ஜூன் ஜூலைல எலங்கையோட தெற்கு முனை, அம்பாந்தோட்டை பக்கம், தென்மேற்கு பருவக்காத்துல ஆட்டம் இருக்கும்.

மாத்திரை டாக்டர்கிட்ட கேட்டு எடுத்துட்டு போகணும், அப்பா பிரஷர் மாத்திரை போடுறவரா இருந்தா கண்டிப்பா கேக்கணும். வாந்தி வந்தப்புறம் போட்டா பிரயோஜனம் கம்மி, கெளம்புறதுக்கு முன்னாடியே போடணும். வயித்த காலியா வைக்கக்கூடாது. தல சுத்துற மாதிரி இருந்தா ரூமுக்குள்ள செல்ஃபோன பாத்துகிட்டு உக்காராம வெளி டெக்குக்கு வந்து தூரத்துல கடலும் வானமும் சேர்ற கோட்ட பாத்தா அடங்கிடும்.

ரூம் எடுக்கறதுலயும் பாதி பிரச்சன தீரும். நடுவுல, கீழ் மாடில இருக்கற ரூம்தான் கம்மியா ஆடும். மேல போகப் போக, முன்னாடி போகப் போக ஆட்டம் ஜாஸ்தி, ஆனா ரேட்டு என்னவோ மேல இருக்கறதுக்குத்தான் அதிகம். புக் பண்றப்ப டெக் ப்ளான எடுத்து வச்சுகிட்டு அந்த ரூமுக்கு நேர் மேல என்ன இருக்கு, நேர் கீழ என்ன இருக்குன்னு பாரு. மேல நீச்சல் குளம்னா காலைல நாலு மணிக்கே நாற்காலி இழுக்குற சத்தம். கீழ தியேட்டர்னா ராத்திரி பூரா டமடம. மேலயும் ரூம் கீழயும் ரூம்னா நிம்மதி. அம்மாக்கு முட்டி வலின்னா லிஃப்ட்லேர்ந்து எவ்ளோ தூரம்னும் பாத்துக்கோ, பெரிய கப்பல் நடைபாத சாதாரண நீளமில்ல. ரூம் நம்பர் சொல்லாம கம்பெனியே கடைசில ஒதுக்குற கேரண்டி ரூம் கொஞ்சம் ரேட்டு கம்மி, வயசானவங்களுக்கு அது வேணாம். பால்கனி வேணுமான்னா, வேணும். இந்த ஒரு எடத்துல துட்ட மிச்சம் புடிக்காத. அம்மா காலைல அஞ்சு மணிக்கு எழுந்து பழக்கப்பட்டவங்களா இருப்பாங்க, அந்த நேரத்துல யார் மூஞ்சியும் பாக்காம நைட்டியோட உக்காந்து கடல பாக்க ஒரு எடம் கெடைக்கறது அவங்களுக்கு எவ்ளோ பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாரு.

ஏறுற அன்னிக்கு என்ன நடக்கும்னு தெரிஞ்சுகிட்டா பதட்டம் இருக்காது. பெரிய பெட்டிய டெர்மினல் வாசல்லயே வாங்கிப்பாங்க, அதுல ரூம் நம்பர் போட்ட டேக் கட்டியிருக்கணும், சாயங்காலத்துக்குள்ள ரூம் வாசலுக்கு வந்துரும். அதனால மாத்திரை, பாஸ்போர்ட், கண்ணாடி, ஒரு செட் துணி எல்லாம் கைப்பையில. இஸ்திரி பொட்டி, மினி குக்கர், தண்ணி சூடு பண்ற கம்பி எதுவும் உள்ள விடமாட்டாங்க, தீ விஷயத்துல கப்பல்காரங்க ரொம்ப கண்டிப்பு, அது சரியும்கூட. உள்ள போனதும் ஒரு கார்டு குடுப்பாங்க, அதான் ரூம் சாவி, அதான் அடையாள அட்ட, அதான் பர்ஸு. சில கப்பல்ல பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுப்பாங்க, பயப்பட வேணாம், அடுத்த துறைமுகத்துல இமிக்ரேஷன் வேலைக்கு மொத்தமா காட்டுறதுக்குத்தான்.

அப்புறம் மஸ்டர் டிரில். ஆபத்து வந்தா எங்க கூடணும், லைஃப் ஜாக்கெட் எப்படி போடணும்னு காட்டுறது. நம்மாளுங்க பல பேரு இத கண்டுக்காம பஃபேக்கு ஓடுவாங்க, உங்கப்பா அப்படி செய்ய மாட்டாருன்னு எனக்கு தெரியும். டைட்டானிக் முழுகுனப்புறம் கடல்ல உயிர் பாதுகாப்புக்காக 1914ல போட்ட சோலாஸ் ஒப்பந்தத்துலேர்ந்து வளந்த சட்டம் இதெல்லாம். முன்னாடி கெளம்பி 24 மணி நேரத்துக்குள்ள டிரில் பண்ணா போதும்னு இருந்துச்சு, 2012 ஜனவரில இத்தாலில கோஸ்டா கான்கார்டியா பாறைல மோதி சாஞ்சப்ப புதுசா ஏறுன பயணிங்களுக்கு இன்னும் டிரில்லே நடக்கல, 32 பேரு செத்தாங்க. அதுக்கப்புறம்தான் கெளம்புறதுக்கு முன்னாடியோ கெளம்புன ஒடனேயோ நடத்தியே ஆகணும்னு மாத்துனாங்க. அம்மாவ கூட்டிட்டுப் போய் அந்த எடத்த கண்ணால பாத்துட்டு வரச் சொல்லு.

கெளம்புற நேரத்துல ரூம்ல இருக்கக்கூடாது. எல்லாரும் மேல் டெக்குல மியூசிக் பக்கம் இருப்பாங்க, உங்கப்பாவ கீழ வெளிநடைபாத டெக்குக்கு போகச் சொல்லு. கரையோட கட்டியிருக்கற மூரிங் கயித்த கழட்டுறது, கப்பல இழுக்குற டக் போட்டு வந்து நிக்கறது, முன்பக்கம் அடில இருக்கற பவ் த்ரஸ்டர் விசிறி தண்ணிய கலக்கிவிட்டு அம்மாம் பெரிய கப்பல் பக்கவாட்டுல மெதுவா கரைய விட்டு வெலகுறது, எல்லாம் அங்கேர்ந்துதான் தெரியும். கொஞ்ச நேரம் கழிச்சு பைலட் லாஞ்ச் ஓடிகிட்டிருக்கற கப்பலுக்கு பக்கத்துல ஒட்டி வரும், கப்பலுக்கு வழிகாட்டி துறைமுகத்த விட்டு வெளிய கொண்டு வந்த ஹார்பர் பைலட் கயித்து ஏணில எறங்கி அதுல தாவுவாரு. இத்தன வருஷம் ஹார்பர் பெர்த்துல நின்னு பாத்த ஒரு மனுஷன் இத கப்பல் பக்கத்துலேர்ந்து பாக்கறப்ப அவரு மொகத்துல வர்றது வேற எந்த ஷோலயும் வராது. சிங்கப்பூர்லேர்ந்து கெளம்புனா வெளி நங்கூர எடத்துல நூத்துக்கணக்குல கப்பல் நிக்கும், டேங்கர், பல்க் கேரியர், கன்டெய்னர், கார் கப்பல்னு அவரு ஒண்ணொண்ணா அம்மாக்கு காட்டி சொல்லிகிட்டே வருவாரு. உலகத்துலயே நெரிசலான கடல் பாதைல மலாக்கா ஒண்ணு, ராத்திரி பூரா வெளக்கு தெரியும். ஒரு நல்ல பைனாகுலர் வாங்கிக் குடு, டிரிங்க்ஸ் பேக்கேஜ விட அது முக்கியம்.

அதனாலதான் சொல்றேன், எத்தன ஊரு எத்தன நாடுன்னு எண்ணி கப்பல் எடுக்காத. கொறஞ்சது ஒரு முழு நாள் கடல்லயே இருக்கற மாதிரி ரூட்டு எடு. தெனமும் ஒரு ஊருன்னா காலைல எழுந்து அலறிகிட்டு நாஷ்டா, க்யூ, பஸ்ஸு, வெயிலு, திரும்ப க்யூன்னு போயிரும், அதுக்கு பஸ் டூரே போதும். கடல் நாள்லதான் கப்பல் என்னன்னு தெரியும். பொறுமையா குளிச்சு, டீ குடிச்சு, லைப்ரரில உக்காந்து, மத்தியானம் தூங்கி, சாயங்காலம் நடந்து. சின்ன கப்பல்ல அன்னிக்குத்தான், ஆளுக்கு எவ்ளோ எடம்னு போட்ட கணக்குல அந்த 68க்கும் 45க்கும் வித்தியாசம் முழுசா தெரியும், ஏன்னா எல்லாரும் உள்ளயே இருக்காங்க, இருந்தும் ஒரு மூலைல அமைதியா நாற்காலி கெடைக்கும்.

சாப்பாடு பத்தி அம்மா கவலப்படுவாங்க. புக் பண்றப்பவே ஏஜென்ட் மூலமா எழுதிக் குடுத்துரு, சைவமா அசைவமா, மாடு பன்னி வேணாமா, சர்க்கரையா, கார்த்திகை, சனிக்கெழம மாதிரி விரத நாள் உண்டான்னு. சிங்கப்பூர்லேர்ந்து போற பெரிய கப்பல்ல இந்தியன் சாப்பாடு தாராளமா கெடைக்கும், பெரும்பாலும் வடக்கத்தி சாப்பாடு, பன்னீரும் நானும். லக்ஷுரி கப்பல்ல மெனுவுல இல்லாட்டியும் மொத நாள் ராத்திரியே சொல்லிட்டா மறுநாள் செஞ்சு தருவாங்க, கிச்சன்ல நம்ம நாட்டு ஆளுங்க யாராவது பெரும்பாலும் இருப்பாங்க, ஹெட் வெய்டர்கிட்ட அம்மாவ விட்டு கேக்கச் சொல்லு, ரசம் சோறு கேட்டாகூட மொகம் சுளிக்க மாட்டாங்க. காசிமேட்டு மீன் கொழம்புல வளந்த நாக்குக்கு அவங்க சுட்ட மீனு சப்புன்னுதான் இருக்கும், மெளகாத்தூள் கொஞ்சம் தூக்கலா கேட்டு வாங்கணும். ஃபில்டர் காப்பி கெடைக்காது, அதுக்கு மனச தயார் பண்ணிடு. பாக்கெட்ல சீல் பண்ண பொடி, ஊறுகா பெரும்பாலும் விடுவாங்க, வீட்ல செஞ்ச சாப்பாடு விடமாட்டாங்க. மொத நாள் மத்தியானம் எல்லாரும் பஃபேல முட்டி மோதுவாங்க, அப்ப உக்காந்து சாப்புடுற ரெஸ்டாரண்ட்டும் பல கப்பல்ல தொறந்திருக்கும், அங்க போகச் சொல்லு. கை கழுவுறத விடக்கூடாது, கப்பல்ல வயித்துப்போக்கு கிருமி ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தருக்கு வேகமா பரவும்.

ட்ரெஸ்ஸுக்கு கோட்டு சூட்டு தேட வேணாம். ராத்திரி டின்னருக்கு பட்டுப்பொடவ, பட்டு வேட்டி சட்ட, அவ்ளோதான், பெரும்பாலான கம்பெனில அவங்கவங்க நாட்டு ஒடைய மரியாதையா ஏத்துப்பாங்க. அறுபதாம் கல்யாணத்துக்கு எடுத்த அதே ஜவுளிய போட்டுகிட்டு ஒரு ராத்திரி போகட்டும். ரப்பர் செருப்பு மட்டும் டின்னருக்கு வேணாம். ஏசி குளிரும், அம்மாக்கு ஒரு ஷால்.

இப்ப யாரும் சொல்லாத ஒண்ணு சொல்றேன். நம்ம ஏரியாவுல ஒழைச்சே வளந்தவங்களுக்கு லக்ஷுரில கஷ்டமான எடம் எதுன்னா, இன்னொருத்தர் நமக்கு வேல செய்யறத உக்காந்து பாக்கறது. அம்மா காலைல எழுந்து அவங்களே பெட்ஷீட்ட மடிச்சு வச்சுருவாங்க, பாத்ரூம தொடைச்சுருவாங்க. சின்ன கப்பல்ல பட்லர்னு ஒருத்தரு வந்து பெட்டிய பிரிச்சு துணிய அடுக்கட்டுமான்னு கேப்பாரு, அவங்க கூச்சத்துல வேணாம்னுடுவாங்க. முன்னாடியே பேசி வை. பட்லர பெரிய வேலைக்கு கூப்புடணும்னு இல்ல, காலைல ரூமுக்கு டீ, ரெஸ்டாரண்ட்ல டேபிள் சொல்லி வைக்கறது, மூக்குக் கண்ணாடி ஸ்க்ரூ கழண்டா சரி பண்றது, இதுக்கு கூப்புடலாம். அந்த பையனோட பேர கேட்டு வச்சுகிட்டு பேர் சொல்லி கூப்புட்டா அதுவே அவங்களுக்கு பெரிய மரியாத. ஆறு மாசம் ஒம்போது மாசம்னு கான்ட்ராக்ட்ல குடும்பத்த விட்டு வந்திருக்கற பசங்க அவங்க, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, கோவா, நம்ம தூத்துக்குடி, ஏன் நம்ம திருவொற்றியூர் பையன்கூட இருக்கலாம். 2006ல போட்டு 2013ல அமலுக்கு வந்த கடல் தொழிலாளர் ஒப்பந்தப்படி தூக்கத்தையும் சேத்து வாரத்துக்கு கொறஞ்சது 77 மணி நேரம் ஓய்வு குடுத்தாகணும், அதாவது அந்த அளவுக்கு வேல நெருக்கம்னு புரிஞ்சுக்கோ. உங்கப்பாக்கு இத எல்லாம் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதே இல்ல. தமிழ் பையன் ஒருத்தன் ஆப்டான்னா அம்மா அவனுக்கு சாப்டியாப்பான்னு கேட்டுகிட்டே இருப்பாங்க, அதுவும் பயணத்துல ஒரு சந்தோஷம்தான்.

கரைல எறங்குற நாளுக்கு ரெண்டு விஷயம். கப்பல்காரங்க நடத்துற டூர்ல போனா, அந்த பஸ்ஸு லேட்டானாலும் பொதுவா கப்பல் நிக்கும். நாமளே டாக்ஸி புடிச்சு போய் லேட்டானா நிக்காது. எல்லாரும் ஏறிடணும்னு ஒரு நேரம் போடுவாங்க, கப்பல் கடிகாரம் என்ன நேரம் காட்டுதுன்னு பாத்து வாச்ச அதுக்கு மாத்திக்கணும். பினாங்குல டூரே வேணாம், ஸ்வெட்டன்ஹாம் துறையில எறங்குனா ஜார்ஜ் டவுன் பக்கத்துலயே, பொறுமையா நடந்தா லிட்டில் இந்தியா. அங்க 1833ல கட்டுன மாரியம்மன் கோயில் இருக்கு, கும்புட்டுட்டு வாழ எல சாப்பாடு சாப்ட்டுட்டு திரும்பலாம், மண்ணடில சுத்துற மாதிரியேதான் இருக்கும் அம்மாக்கு. 2008லேர்ந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கற ஊரு. புக்கெட்ல பல கப்பல் தூரமா நங்கூரம் போட்டு சின்ன போட்ல கரைக்கு கூட்டிட்டு போவாங்க, டெண்டர்னு பேரு, ஏறி எறங்குறப்ப அல தூக்கும். முட்டி வலி இருந்தா அன்னிக்கு கப்பல்லயே இருந்துடலாம், எல்லாரும் போயிருப்பாங்க, நீச்சல் குளம் காலியா கெடக்கும்.

ஃபோன கப்பல் ஏறுனதும் ஏரோப்ளேன் மோடுல போடச் சொல்லு, மறக்காம. நடுக்கடல்ல சேட்டிலைட் வழியா ஓடுற கப்பல் நெட்வொர்க்க ஃபோன் தானா புடிச்சுக்கும், பில்லு பேஜாராயிடும். வைஃபை வாங்கி வாட்ஸப்ல பேசட்டும். இன்சூரன்ஸ் எடுக்கறப்ப க்ரூஸ் கவர் ஆகுதா, நடுக்கடல்லேர்ந்து ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு வர்ற செலவு அடங்குமான்னு கேட்டு வாங்கு. கப்பல்ல டாக்டர் உண்டு, ஆனா கட்டணம் டாலர்ல, பொதுவா நம்ம ரூம் கணக்குல ஏத்திடுவாங்க, நாம கட்டிட்டு அப்புறம் க்ளெய்ம் பண்ணிக்கணும். மாத்திரை சீட்டோட ஒரிஜினல், போற நாள விட ஒரு வாரம் ஜாஸ்தியாவே மாத்திரை.

சரி, உனக்கு எது. பட்ஜெட் இடம் குடுத்தா சின்ன கப்பல்ல ஏழு நைட்டு, பிப்ரவரி இல்ல மார்ச், மலாக்கா பக்கம் போற ரூட்டு. அது முடியலன்னா கடன ஒடன வாங்கி அதுக்கு முட்டாத தம்பி, சிங்கப்பூர் பெரிய கப்பல்ல நாலு இல்ல அஞ்சு நைட்டு, நடு மாடி பால்கனி ரூம், ஸ்கூல் தொறந்திருக்கற மாசம். பெரிய கப்பல்லயே உள்ள தனி சூட் பகுதின்னு ஒண்ணு வச்சிருப்பாங்க, தனி ரெஸ்டாரண்ட், தனி லவுஞ்ச், க்யூ கெடையாது, ஜென்டிங்ல பேலஸ்னு பேரு. அதோட ரேட்டையும் சேத்து விசாரி, பல சமயம் சின்ன கப்பலுக்கும் சாதா பால்கனிக்கும் நடுவுல நிக்கும், உங்கப்பா அம்மாக்கு நான் நெனைக்கறது அதுதான் பொருந்தும்னு. சென்னை கப்பல நீயும் உன் வீட்டுக்காரங்களும் பசங்களோட ஒரு தடவ போறதுக்கு வச்சுக்கோ.

டெபாசிட் கட்டுறதுக்கு முன்னாடி ஏஜென்ட்கிட்ட ரூம் நம்பர், டிப்ஸும் போர்ட் சார்ஜும் சேந்த மொத்த தொக, விசா வராட்டி எவ்ளோ திரும்ப கெடைக்கும்ன்ற மூணையும் எழுத்துல வாங்கிக்கோ. வாய்ல சொல்றத நம்பி ஜிபே பண்ணிடாத.